கேம் கேள்வி – பதில்: கவசம் வேண்டுமா? கையை வெட்டுங்கள்!

(இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ‘தி சர்ஜ்’ என்ற ஒரே கேமைச் சுற்றியே இருந்தது. எனவே பதில்களும் அதற்கே.)

‘தி சர்ஜ்’ பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார். இன்னொருவர் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டதாகச் சொல்கிறார். எதை நம்புவது? – கோவை வாசகர்

இரண்டு பேரையும் நம்பலாம். சண்டைக்காக வாங்கியவர் கொண்டாடியிருப்பார். கதைக்காக வாங்கியவர் அழித்திருப்பார்.

ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் இருக்கும் டெக்13 ஸ்டூடியோ செய்து, பிரான்ஸின் ஃபோகஸ் ஹோம் இன்டராக்டிவ் வெளியிட்ட கேம் இது. 2017 மே 16 அன்று பிசி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் மூன்றுக்கும் வந்தது. ‘டார்க் சோல்ஸ்’ வகையறா: செத்துச் செத்துப் பழக வேண்டும், செத்தால் சேர்த்தது கீழே விழும், ஓய்வெடுத்தால் எதிரிகள் எல்லாரும் மறுபடி எழுந்து நிற்பார்கள். அந்த வகைக் கேம்கள் பெரும்பாலும் கோட்டை, வாள், டிராகன் என்று போகும். இது ஒரு தொழிற்சாலைக்குள் நடக்கிறது. கையில் கிடைப்பது வெல்டிங் கருவியும் இரும்புக் குழாயும். எதிரிகள், மூளை கலங்கிப்போய் இன்னும் ஷிப்டில் நிற்கிற தொழிலாளிகள்.

தொடக்கம் பிரமாதம். வாரன் என்ற இளைஞன் ‘கிரியோ’ கம்பெனியில் வேலைக்குச் சேர ரயிலில் வருகிறான். ரயில் நின்றதும்தான் அவன் சக்கர நாற்காலியில் இருப்பது நமக்குத் தெரிகிறது. உடலில் பொருத்தும் இயந்திர எலும்புக்கூடு கிடைத்தால் எழுந்து நடக்கலாம் என்பதே அவன் வந்த காரணம். பொருத்தும் மெஷினோ மயக்க மருந்து கொடுக்காமலேயே அவன் உடம்பில் ஆணி இறக்குகிறது. அடுத்து கண் விழிப்பது குப்பைமேட்டில். இந்தப் பத்து நிமிடத்தின் தரத்தைக் கதை அதன்பிறகு ஒருமுறையும் தொடவில்லை என்பதுதான் இந்த கேமின் பெரிய குறை. அதை மறக்கடிப்பது சண்டை.

எதிரியை வீழ்த்துகிறேன், ஆனால் கவசமோ ஆயுதமோ கிடைப்பதில்லை. ஸ்கிராப் (உலோகக் கழிவு) மட்டும்தான் வருகிறது. என்ன தவறு செய்கிறேன்? – ஈரோடு வாசகர்

சாதாரண அடியில் கொன்றால் அப்படித்தான். பாகம் வேண்டுமென்றால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த கேமின் உயிரே இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எதிரியை லாக் செய்ததும், அதாவது குறியை அவன் மேல் நிலைநிறுத்தியதும், வலது ஸ்டிக்கை நகர்த்திப் பாருங்கள். தலை, உடல், இரண்டு கை, இரண்டு கால் என ஆறு இடங்களில் குறி மாறும். குறி நீலமாக இருந்தால் அங்கே கவசம் இல்லை. அடித்தால் சீக்கிரம் சாவான். மஞ்சளாக இருந்தால் கவசம் உண்டு; நேரம் பிடிக்கும், ஆனால் சரக்கு அங்கேதான். எதிரி எதைப் போட்டிருக்கிறானோ அதையே நீங்கள் எடுக்க முடியும். தலையில் ஹெல்மெட் இல்லாதவனின் தலையை நூறு முறை வெட்டினாலும் ஹெல்மெட் வராது.

அடுத்தது எனர்ஜி. உங்கள் அடி விழ விழ எனர்ஜி பட்டை ஏறும். சும்மா நின்றால் இறங்கும். எதிரி சாகும் தறுவாயில், பட்டையும் போதிய அளவு ஏறியிருந்தால், திரையில் வெட்டும் பட்டனின் அடையாளம் வரும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் எக்ஸ், பிளேஸ்டேஷனில் சதுரம். தட்டினால் போதாது, அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான்: எதிரி சாகப்போகிற பதற்றத்தில் இன்னும் ஒரு அடி கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். ஆள் சாவான், பாகம் போச்சு. இன்னொரு காரணமும் உண்டு. கனமான ஆயுதத்தில் இரண்டே அடியில் ஆள் காலியானால் எனர்ஜி ஏறவே அவகாசம் இருக்காது. பழைய ஏரியாவுக்குத் திரும்பிப் போய் பாகம் சேகரிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அப்போது மெதுவாகக் கொல்லும் சிறிய ஆயுதத்துக்கு மாறுங்கள்.

வெட்டியதும் என்ன கிடைக்கும்? அந்தக் கவசத் துண்டு உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைச் செய்யும் ஸ்கீமாடிக், அதாவது வரைபடம். அதன்பிறகு அதே உறுப்பை வெட்டும்போதெல்லாம் மூலப்பொருள். கால் கவசம் செய்யக் கால் பொருள், கை கவசம் செய்யக் கை பொருள். எனவே கால் கவசத்தை உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்தால், அடுத்த அரை மணி நேரம் காலில் கவசம் போட்டவனைத் தேடித் தேடிப் போவீர்கள். ஆயுதம் வேண்டுமா? அது இருக்கும் கையை வெட்டுங்கள்.

இதன் அழகு என்னவென்றால், ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. உயிர் குறைவாக இருக்கிறது, கவசமில்லாத கையில் அடித்துச் சீக்கிரம் முடிப்போமா? இல்லை, ஹெல்மெட்டுக்காக இன்னும் நாலு அடி வாங்கும் ரிஸ்க் எடுப்போமா? கேம் முழுக்க இந்தப் பேராசைதான் நம்மைக் கொல்கிறது.

முதலில் ‘ரைனோ’, ‘லின்க்ஸ்’ இரண்டில் ஒரு ரிக்கை (இயந்திர எலும்புக்கூடு) தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எது நல்லது? – தஞ்சாவூர் வாசகர்

எதுவானாலும் பாதகமில்லை, இன்னொன்றைப் பின்னால் பெறலாம். புதியவர் என்றால் லின்க்ஸ். லேசாக இருப்பதால் ஸ்டாமினா, அதாவது அடிக்கவும் விலகவும் செலவாகும் தெம்பு, சீக்கிரம் தீராது. இந்த கேமில் தப்பிப் பிழைப்பது கவசத்தால் அல்ல, காலால்தான்.

ரிக்கைவிட ஆயுத வகையைத்தான் யோசித்து எடுக்க வேண்டும். ஒன்-ஹேண்டட் (ஒரு கையில் பிடிப்பது), சிங்கிள்-ரிக்ட் (ஒரு கையில் பொருத்துவது), ட்வின்-ரிக்ட் (இரண்டு கையிலும் பொருத்துவது), ஸ்டாஃப் (நீளத் தடி), ஹெவி டியூட்டி (கனமானது) என ஐந்து வகை. எந்த வகையைப் பயன்படுத்துகிறீர்களோ அதில் தேர்ச்சி ஏறும், சேதம் கூடும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தால் ஐந்திலும் அரைகுறையாக நிற்பீர்கள். ட்வின்-ரிக்ட் வேகமாக அடிக்கும், எனர்ஜி மளமளவென ஏறும், ஆனால் பெரிய எதிரியைத் தடுமாற வைக்காது. ஹெவி டியூட்டி தடுமாற வைக்கும், ஆனால் மூன்று வீச்சில் ஸ்டாமினா காலி. தொடக்கத்துக்கு சிங்கிள்-ரிக்ட் அல்லது ஸ்டாஃப் எங்கள் சிபாரிசு.

முதல் பாஸ் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) பி.ஏ.எக்ஸ். ரோபோவிடம் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு அடித்தாலும் உயிர் குறையவே மாட்டேன் என்கிறது. வழி உண்டா? – திருநெல்வேலி வாசகர்

அதன் உயிரைக் குறைக்கும் வேலையை அதனிடமே விடுங்கள்.

பி.ஏ.எக்ஸ். இரண்டு காலில் நிற்கும் பெரிய ரோபோ. காலில் அடிக்கும்போது உயிர்ப்பட்டை லேசாகத்தான் நகரும். ஆனால் உயிர்ப்பட்டையோடு இன்னொரு பட்டையும் இருக்கிறதே, அது ஏறுகிறதா என்று கவனியுங்கள். உங்கள் குறி அதுதான். அது நிரம்பினால் ரோபோ ஓரிடத்தில் நின்று ராக்கெட்டுகளை மேலே ஏவும். அவை உங்களைத் தேடி வந்து விழும்.

இந்த நேரத்தில் எல்லாரும் செய்வது, பயந்து ஓடுவது. ஓடினால் ராக்கெட் வெறும் தரையில் விழும், ரோபோ பழைய நிலைக்கு வந்துவிடும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து பட்டையை நிரப்ப வேண்டும். உயிர் குறையவில்லை என்று எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிரச்சினை இதுவே. ஓடாமல் அதன் காலடியிலேயே நில்லுங்கள். ராக்கெட்டுகள் கீழே வரும் கடைசி நொடியில் விலகுங்கள். அவை ரோபோவின் மேலேயே விழும். அது சரிந்து உட்காரும். இப்போது தலைப்பகுதி கைக்கு எட்டும். ஸ்டாமினா தீரும்வரை அங்கே அடியுங்கள், கடைசி ஓர் அடியைப் போடாமல் விலகி வர மட்டும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். உயிர்ப்பட்டையில் பெரிய துண்டு போயிருக்கும். இதையே திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

காலடியில் நிற்கும்போது இரண்டு ஆபத்து. ஒன்று, காலைத் தூக்கி மிதிப்பது. எந்தக் காலைத் தூக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகருங்கள். இரண்டு, முன்னால் நிற்பவரைக் கையால் வீசுவது. அதனால் எப்போதும் அதன் கால்களுக்குப் பின்பக்கமே இருங்கள். லாக்கை எடுத்துவிட்டு ஆடினால் கேமரா கொஞ்சம் ஒத்துழைக்கும்.

ஒரு கூடுதல் தகவல்: இந்த கேமின் பாஸ்களைக் குறிப்பிட்ட ஒரு முறையில் வீழ்த்தினால், அவர்கள் தரும் ஆயுதம் சற்று உயர்ந்த 2.0 பதிப்பாகக் கிடைக்கும்.

மொத்தம் எத்தனை பாஸ்? இரண்டாவதாக வரும் ‘ஃபயர்பக்’ ஏன் இவ்வளவு கடுப்பேற்றுகிறது? – சேலம் வாசகர்

ஐந்தே ஐந்து. இந்த நீளத்துக்கு இது மிகக் குறைவு; அதிலும் மூன்று ராட்சத இயந்திரங்கள். ஆறு உறுப்பைக் குறிவைத்து வெட்டும் அருமையான முறையை மனித அளவு எதிரிகளுக்காக வடிவமைத்துவிட்டு, பாஸ் என்று வரும்போது அதைப் பாதி ஓரம் கட்டிவிட்டார்கள். பாஸ் சண்டையைவிடச் சாதாரண வராந்தாவில் இரண்டு தொழிலாளிகளுடன் நடக்கும் சண்டை சுவாரஸ்யமாக இருக்கிறது.

ஃபயர்பக் விஷயத்தில் பாதி எதிரி ரோபோ, மீதி எதிரி கேமரா. பல கைகால்களோடு அது நம்மை மூடிக்கொண்டு நிற்க, கேமரா அதன் வயிற்றுக்குள் புகுந்துகொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு கைகாலை மட்டும் குறிவைத்து அழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நெருப்பைக் கக்கத் தொடங்கினால் ஆசைப்பட்டு இன்னொரு அடி போடாதீர்கள்.

சேர்த்த ஸ்கிராப் எல்லாம் செத்ததும் போய்விடுகிறது. காப்பாற்ற வழி? – யாழ்ப்பாண வாசகர்

டெக் ஸ்கிராப்தான் இங்கே காசும் அனுபவப் புள்ளியும். செத்தால் செத்த இடத்தில் விழும். மற்ற கேம்களைப் போல நிதானமாகப் போய் எடுக்க முடியாது, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வழியில் ஒருவனை வீழ்த்தினால் நேரம் கூடும். எனவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் தாண்டி ஓடுவதைவிட, வழியில் நிற்கும் எளிய எதிரிகளை முடித்துக்கொண்டே போவது நல்லது. ஓடினால் பின்னால் நாலு பேர் துரத்தி வருவார்கள். ஸ்கிராப்பை எடுத்த இடத்திலேயே மறுபடி விழுவீர்கள்.

ஆப்ஸ் எனப்படும் பராமரிப்பு அறையில் ஸ்கிராப்பைப் பத்திரமாகப் போட்டு வைக்கலாம். லெவலை உயர்த்தத் தேவையான தொகை சேராவிட்டாலும், இருப்பதைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு புதிய இடத்தை ஆராயப் போங்கள். வழியில் பொறுக்கும் ஸ்கிராப் மூட்டைகள் வேறு கணக்கு. அவை பையில் பொருளாகவே இருக்கும். பிரிக்கும்வரை செத்தாலும் போகாது. இன்னும் கொஞ்சம் இருந்தால் லெவல் ஏறும் என்ற நிலையில் மட்டும் ஆப்ஸ் அறைக்குள் நின்று அவற்றைப் பிரியுங்கள்.

கோர் பவரை ஏற்றியும் பலம் கூடியதாகத் தெரியவில்லையே? – மதுரை வாசகர்

பலம் கூடாதுதான். கோர் பவர் என்பது பலம் அல்ல, கொள்ளளவு. கவசமும் இம்பிளான்ட்டும் (உடலில் பொருத்தும் கூடுதல் கருவி) அந்த ஒரே கணக்கிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. கோர் பவரை ஏற்றிவிட்டு எதையும் புதிதாகப் பொருத்தாமல் கிளம்பினால் ஒரு மாற்றமும் இருக்காது. கோர் பவர் ஏறும்போது இம்பிளான்ட் போடும் இடங்களும் கூடும். சில பூட்டிய கதவுகளையும் மின்பெட்டிகளையும் ஓவர்சார்ஜ் செய்யவும் குறிப்பிட்ட அளவு கோர் பவர் வேண்டும்.

இந்த முறையின் பெரிய பலம், தவறான முடிவுக்கு அபராதம் இல்லை. பலம், வேகம் என்று புள்ளி ஒதுக்கிவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கும் பேச்சே கிடையாது. பாஸுக்கு முன் உயிரைக் கூட்டும் இம்பிளான்ட்டுகளை அடுக்கலாம், ஏரியாவை ஆராயும்போது வேறு மாதிரி மாற்றலாம். ஒரே நிபந்தனை: நிரந்தரமாக இணைக்கும் வகை இம்பிளான்ட்டுகளை ஆப்ஸ் அறையில் மட்டுமே கழற்ற முடியும்.

என்ன பொருத்துவது? தொடக்கத்தில் ஊசி வகை இம்பிளான்ட் ஒன்று, உயிரைக் கூட்டுவது ஒன்று, ஸ்டாமினா ஒன்று. ஊசிகளின் எண்ணிக்கை ஆப்ஸ் போனால்தான் நிரம்பும். ‘மெடி-வோல்டாயிக்’ ஊசி கிடைத்ததும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அது எண்ணிக்கையில் இல்லை, எனர்ஜியில் ஓடுகிறது. அடித்தால் எனர்ஜி, எனர்ஜியால் உயிர். கை பழகியவர்களுக்கு இது ஏறக்குறைய வற்றாத மருந்து. கேமின் பிற்பாதி சிலருக்குச் சப்பென்று முடிவதற்கும் இதுவே காரணம்.

வழி கண்டுபிடிக்க முடியவில்லை. மேப் எங்கே? – சென்னை வாசகர்

கிடையாது.

திட்டிவிட்டு இதையும் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு ஏரியாவுக்கு ஒரு ஆப்ஸ் அறைதான். அதிலிருந்து கிளம்பும் பாதைகள் வளைந்து நெளிந்து, லிஃப்டாகவோ உள்பக்கம் திறக்கும் கதவாகவோ அதே அறைக்கே திரும்பி வரும். அந்தக் குறுக்கு வழி திறக்கும் கணம் இந்த கேமின் சுகங்களில் ஒன்று. ஆனால் சுவரெல்லாம் ஒரே இரும்பு, ஒரே மஞ்சள் கோடு, ஒரே குழாய். ‘சென்ட்ரல் புரொடக்‌ஷன் பி’ ஏரியாவில் எந்த மாடியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். பின்னால் வரும் பயோலேப் பகுதியில் செடிகொடியைக் கண்டதும் கண்ணுக்கு ஓர் ஆறுதல்.

ஆப்ஸ் அறையில் ஒரு கிட்டார் பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். தூரத்தில் அது காதில் விழுந்தால் அறை பக்கத்தில் என்று பொருள். புதிய இடத்தில் முதல் வேலை, எதிரியை முடிப்பது அல்ல. குறுக்கு வழியைத் திறப்பது. அதைத் திறக்காமல் கை நிறைய ஸ்கிராப்போடு முன்னேறுவது வம்பை விலைக்கு வாங்குவது. மூலைகளில் திரும்பும்போது கேமராவை முதலில் திருப்புங்கள். கதவுக்குப் பக்கவாட்டில் ஒளிந்து பாயும் எதிரியை இந்த ஸ்டூடியோ அளவுக்கு மீறிப் பயன்படுத்தியிருக்கிறது. முதல் முறை பயம், பத்தாவது முறை சலிப்பு.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கேட்கிறான். வாங்கித் தரலாமா? – திருச்சி வாசகி

அமெரிக்காவின் தரச்சான்று இதற்கு 17 வயதுக்கு மேல் என்று சொல்கிறது. கைகால் துண்டாவதை ஸ்லோமோஷனில் காட்டும் கேம். அதுவும் எப்போதோ ஒருமுறை அல்ல, சண்டைக்குச் சண்டை. இன்னும் ஒன்றிரண்டு வருடம் பொறுக்கச் சொல்லலாம், அம்மா.

கதை நன்றாக இல்லை என்கிறீர்கள். எந்த வகையில்? – புதுச்சேரி வாசகர்

கதைக்கரு மோசமில்லை. பூமியைச் சரிசெய்வதாகச் சொல்லும் கம்பெனி, அதன் விளம்பரச் சிரிப்பு, அடியில் கிடக்கும் பிணங்கள் எல்லாம் நன்றாகவே பொருந்துகின்றன. சொல்லும் விதம்தான் இழுக்கிறது. முக்கால்வாசி விஷயம் ஆடியோ பதிவுகளில். அவற்றைக் கேட்டுக்கொண்டே நடந்தால் எவனாவது பாய்வான். நின்று கேட்டால் கேம் நிற்கும். வாரனுக்கு அந்தத் தொடக்கக் காட்சிக்குப் பிறகு சொந்த ஆசாபாசம் எதுவும் இல்லை. மயக்க மருந்தில்லாமல் உடம்பைத் துளைத்தவர்களைப் பற்றி ஒருவன் ஒரு வார்த்தையாவது கோபமாகப் பேச வேண்டாமா? நடந்துவிட்டதே என்று அவனும் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை.

வழியில் சந்திக்கும் மனிதர்கள் சின்னச் சின்ன வேலை கொடுப்பார்கள். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாது. கதை நகர்ந்தால் அவர்களும் இடம் மாறுவார்கள் அல்லது இறந்துபோவார்கள். அடுத்த ஏரியாவுக்கு ரயில் ஏறும் முன் பழைய முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள்.

முதல் பாகமா, இரண்டாம் பாகமா? ஒன்றுக்குத்தான் பட்ஜெட். – வேலூர் வாசகர்

இரண்டாம் பாகம். ‘தி சர்ஜ் 2’ 2019 செப்டம்பர் 24 அன்று வந்தது. தொழிற்சாலையை விட்டு ஜெரிக்கோ என்ற நகரத்துக்கு மாறியதால் தெரு, பூங்கா, துறைமுகம் என்று கண்ணுக்கு வேறுபாடு கிடைக்கிறது. நாயகனை நீங்களே உருவாக்கலாம். முக்கிய மாற்றம் தடுப்பில். முதல் பாகத்தில் தடுத்தபடியே குனிவதும் குதிப்பதும் இருந்தது. பலர் கடைசிவரை அதைத் தொட்டதே இல்லை. இரண்டாவதில் அடி வரும் திசைக்கே வலது ஸ்டிக்கைத் தள்ளித் தடுக்க வேண்டும். சரியாகச் செய்தால் எதிரி தடுமாறுவான். திசையைத் திரையில் காட்டும் இம்பிளான்ட் ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு முதல் ஒரு மணி நேரம் பழகினால் கேமே வேறாகிவிடும். எனர்ஜியும் பேட்டரிகளில் சேமிக்கப்படுவதால் அடுத்த சண்டைக்குக் கொண்டுபோகலாம்.

கதை இதிலும் சுமார்தான். அந்த மூச்சுத் திணறும் தொழிற்சாலைச் சூழலும் போய்விட்டது. இருட்டும் தனிமையும்தான் வேண்டும் என்றால் முதல் பாகத்தையே எடுங்கள், கண்ணைத் திறந்துகொண்டு.

‘எ வாக் இன் தி பார்க்’ கூடுதல் பகுதி வாங்கலாமா? – ஓசூர் வாசகர்

தள்ளுபடியில் முழுத் தொகுப்பாகக் கிடைத்தால் வாங்குங்கள். கம்பெனி தன் ஊழியர் குடும்பங்களுக்காகக் கட்டிய கேளிக்கைப் பூங்கா, அதில் கார்ட்டூன் வேடமிட்ட எதிரிகள். இரும்புச் சுவரை மட்டுமே பார்த்துச் சலித்தவர்களுக்கு வண்ணம் கிடைக்கும். மூலக் கேமில் வறட்சியாகப் போன கேலிச் சுவையும் இங்கே நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கேமை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். இதற்கான வாசல் மூலக் கேமுக்குள்ளேயே, நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் கவசமும் ஆயுதமும் மீதிக் கேமுக்கு உதவ வேண்டுமென்றால் போகும் வழியிலேயே நுழைந்துவிடுங்கள். 2018-ல் வந்த கௌபாய் வேடமிட்ட மற்றொரு பகுதியில் கதை கிடையாது, சின்னச் சின்னச் சண்டை மைதானங்கள்தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.